புளி போட்டுத் தேய்த்த பதக்கங்கள்

அவிநாசியில் ஒரு பழம்பொருள் கடை. வெள்ளைக்காரன் காலத்து வெண்கலப் பதக்கம் ஒன்று கறுத்துக் கிடந்தது. "புளி போட்டுத் தேய்க்கலீங்களா?" என்றேன். கடைக்காரர் பதறிவிட்டார். "தேய்ச்சா மதிப்பே போயிருமுங்க. அசலை ஆரும் தேய்க்க உடமாட்டாங்க."

எங்கள் ஊரில் இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில்தான் மாமாவின் பனியன் கம்பெனி இருந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் மாடியறையில், பஞ்சுத் தூசியும் புளி வாசமும் கலந்த வெயிலில், ஊர் ஊராய்ச் சேர்த்த பொக்கிஷம் என்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, "உன்ற கையில மட்டுந்தான் குடுப்பேன் கண்ணு" என்று மாமா எடுத்துத் தந்த பதக்கங்களையெல்லாம், பனியன் வேஸ்ட் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கினேன். அதே அறையில் எப்போதும் பூட்டியே இருந்த பீரோவுக்குள் அவர் வைத்திருந்தவற்றை நான் பார்த்ததே இல்லை.

அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர், "பாத்துத் தேயி கண்ணு" என்று சொன்னதில்லை.