வீடியோ அக்காவின் கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு; தெருவே அவளை வீடியோ அக்கா என்றுதான் கூப்பிடும். புது கிராபிக்ஸ் கார்டை அவளே மாட்டிய நாள் முதல், வேலை சூடுபிடிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

“உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை? கடையில குடுத்துடு,” என்றான் அண்ணன்.

“மாட்டினவளுக்குக் கழட்டத் தெரியாதா?” என்று சீறியவள், பக்கமூடியைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். கார்டின் சூட்டைத் தணிக்கும் விசிறி சுற்றவே இல்லை. வயர்கள் தொங்கினால் அவளுக்கு ஆகாது. அவற்றைச் சேர்த்து அவள் கட்டியிருந்த தலைமுடி ரப்பர் பேண்டு, நழுவி விசிறியில் சிக்கியிருந்தது.

அண்ணன் சிரித்தான். “எல்லாம் உன் கைவரிசைதானா?”

“ஆமா, என் கைதான். கெடுத்ததும் இதுதான், சரி பண்ணப்போறதும் இதுதான்!”

கம்ப்யூட்டரை அணைத்து, ரப்பர் பேண்டை உருவி, அதனாலேயே தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“தள்ளு அண்ணா, வேலை கிடக்கு.”