நன்றியுரையில் குழலி அக்கா

எண்ணூர்க் கழிமுகத்தை ஆராயும் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டியது கார்குழலி எழுதிய புள்ளியியல் புரோகிராமைத்தான். நண்டின் உடம்பில் ஈயம் கருவிக்கே பிடிபடாத அளவு குறைவாக இருந்தால், பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போவது பலரின் வழக்கம். அப்படித் தள்ளிவிடாமல் முறையாகக் கணக்கில் சேர்க்கும் புரோகிராம் அது. திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போய்வந்த கார்குழலி, அதை இணையத்தில் இலவசமாகவே போட்டிருந்தாள்.

இப்போது அந்த வேலைக்கே ஆபத்து. புரோகிராமை மேற்கோள் காட்டிய கட்டுரை ஒன்றாவது இருந்தால்தான் ஒப்பந்தம் நீளும் என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். தேடினாள், ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லாக் கட்டுரைகளிலும் அவள் இருந்தாள், நன்றியுரையில், "எங்கள் குழலி அக்காவுக்கு" என்று! கால்குலேட்டரை யாராவது மேற்கோள் காட்டுவார்களா, அக்காவுக்கு நன்றி சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார்கள். பாசக்காரப் பிள்ளைகள்தான், ஆனால் இப்படியா கழுத்தை அறுப்பார்கள்?

அந்தப் பிள்ளைகளில் முபாஷிரின் கட்டுரை மட்டும் இன்னும் அச்சேறவில்லை. கடைசித் திருத்தம் அன்று மாலைக்குள் போக வேண்டும். டோல்கேட் டீக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"உன் கட்டுரையில என் பேரு எங்கடா கீது?"

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? நன்றில எங்கம்மாவுக்கு அடுத்து நீதான். எங்க சாரே உனக்குக் கீழதான்!"

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. மரியாதையைக் கேட்டு வாங்குவது கார்குழலிக்குப் பிச்சை எடுப்பது போலக் கூசியது. ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அது கணக்குல வராதுடா. புரோகிராம் பேரு, என் பேரு, எத்தினியாவது பதிப்பு, எல்லாம் மேற்கோள் பட்டியல்ல வரணும். இல்லேன்னா என் வேலை பூடும்."

"அட இன்னாக்கா நீ! இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? நாங்க பாட்டுக்கு லூசு மாதிரி நன்றி சொல்லிகினு கீறோம்."

பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தான். இனிஷியலையும் பதிப்பையும் கேட்டுக் கேட்டு அடித்தான். முகம் தெரியாத வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவே தன் பெயர் ஏறுவதைப் பார்த்தபோது கார்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

முபாஷிர் நன்றியுரைக்குப் போனான்.

"அப்போ இங்க எடுத்துடட்டாக்கா? ரெண்டு எடத்துல எதுக்கு?"

"கை வெச்சுப் பாரு," என்றாள் கார்குழலி, "ஒடிச்சுடுவேன்."