மனைவி இழுத்துப் பார்த்த பித்தப்பை

அறுவைக் கருவிகள் செய்யும் பட்டறையில் அவருக்குக் ‘கொடுக்கு’ என்று பட்டப்பெயர். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும்போது, அந்த வழுக்குப் பையைக் கிழிக்காமல் கவ்வுகிற நீளக் கருவியை உருவாக்குவதுதான் அவருடைய வேலை, கனவு, கண்ணீர் எல்லாம். துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் தண்ணீர் பலூனைத் தொங்கவிட்டு, கருவியால் கவ்வி இழுத்துப் பார்ப்பார். பலூன் வெடிக்கும். பட்டறையில் திட்டு விழவே, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டையும் நனைத்தார். அடுத்த கருவியும் கிழித்தால் கத்தரிக்கோல் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவிக்கே பித்தப்பையில் கல்.

“வேற எவன் செஞ்ச கருவியும் என் வயித்துக்குள்ள வரக்கூடாது. உங்களது தயாராகட்டும்,” என்றாள் அவள், வலியில் சுவரைப் பிடித்தபடி.

“அதுக்கு அனுமதி கிடைக்கவே வருஷக்கணக்காகும்மா.”

“இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டலையா? கல்லோடயும் கொட்டுறேன்.”

ஆஸ்பத்திரியில் இதைக் கேட்ட டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “வீட்டுக்காரர் மேல பாசம் இருந்தா வேற எந்த உறுப்புலயாவது காட்டுங்க. இதைத் தள்ளிப்போட்டா ஆபத்து.”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வழக்கமான கருவியாலேயே எடுக்கட்டும். ஆனால் எடுத்த பையில் கணவரின் புதுக் கருவியைச் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் சம்மதித்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆய்வு அறையில், பலகையில் பொருத்திய அந்தப் பச்சைப் பையை அவர் குனிந்து பார்த்தார். எத்தனை கோபத்தைத் தாங்கிய பை அது. பூவைத் தொடுவது போல் கவ்வினார்.

“இப்படிப் பிடிச்சா கணக்குல வராது. ஆபரேஷன்ல இழுக்கிற மாதிரி இழுங்க,” என்றார் டாக்டரம்மா.

“எப்படிங்க இழுக்கிறது? இது என் வீட்டுக்காரி.”

“வீட்டுக்காரி வார்டுல இருக்காங்க. இது பை.”

டாக்டரம்மா தாமே கைப்பிடியைப் பற்றப் போனார். கொடுக்கு குறுக்கே விழுந்து தடுத்தார்.

சேதி வரவில்லையே என்று நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவியே வந்துவிட்டாள்.

“பலூனைக் கிழிச்சுக் கிழிச்சு வீட்டையே ஈரமாக்குன மனுஷனுக்கு இப்பத்தான் கை நடுங்குதா? தள்ளுங்க.”

“வலிக்கும்மா.”

“எனக்கா, அதுக்கா?”

கைப்பிடியைப் பற்றி, கல்யாணமான நாள் முதல் சேர்த்து வைத்த ஆத்திரத்தோடு இழுத்தாள். பை நீண்டது. மெலிந்தது. இழுவிசையைக் காட்டும் மானியின் முள், தாங்க வேண்டிய அளவுக் கோட்டைத் தாண்டியது. அவர் கண்களை மூடிக்கொண்டார். படக்கென்று ஒரு சத்தம்.

பை கிழியவில்லை. கருவியின் வாய் அதை விடவும் இல்லை. கைப்பிடி மட்டும் தனியாகக் கழன்று அவள் கையில் இருந்தது.

“கவ்வுறது பாஸ். உங்க முதலாளிகிட்ட நானே சொல்றேன்,” என்றார் டாக்டரம்மா.

அவர் விம்மி விம்மி அழுதபடி மனைவியைக் கட்டிக்கொள்ளப் போனார்.

“தையல் இருக்கு, தள்ளி நின்னு அழுங்க,” என்று கைப்பிடியை அவரிடம் நீட்டினாள். “முதல்ல இதுக்கு நல்ல திருகாணியாப் போடுங்க.”