மிதிபலகையில் ஒரு மெல்லிய சப்பாத்து

செங்கலடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் நடத்துனர் விஜிதரன். முன்வாசலில், ஒரு கால் மிதிபலகையிலும் மறு கால் காற்றிலுமாக நின்று ஊர்ப்பெயர்களைக் கூவுவது அவர் தொழில். கைகளுக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும். சீட்டு, மீதிக் காசு, ஏறுகிறவரின் மூட்டை, இறங்குகிறவரின் குழந்தை. ஆகவே பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது கால்தான்.

அந்தக் காலில்தான் சென்ற ஆண்டு நோவு வந்தது. வலது குதிகால். காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறியது போலிருக்கும். சற்று நடந்தால் குறையும், பிற்பகலில் திரும்ப வரும்.

பஸ்ஸுக்குள் ஒரு நோவைச் சொல்லிப் பாருங்கள், சீட்டுக்குச் சீட்டு வைத்தியர்கள் எழும்புவார்கள். எல்லாரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: மெத்தென்று எதையாவது போடு. விஜிதரன் பஞ்சு வைத்த செருப்பு போட்டார். பிறகு சுவிஸிலிருந்து மைத்துனர் அனுப்பிய, குதி தடித்த வெள்ளைச் சப்பாத்து போட்டார். அதைப் போட்டிருந்த ஒரு நாள் காத்தான்குடியில் பஸ் சட்டென்று பிரேக் அடித்தது. மிதிபலகை எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியவில்லை. நேராகப் போய் ஒரு தயிர்க் கடைக்கு முன்னால் விழுந்தார். சட்டி ஒன்றும் உடையவில்லை. ஆனால் பஸ் செங்கலடிக்குத் திரும்புமுன் கதை முதலாளியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலாளி வினாயகமூர்த்தி சுற்றி வளைத்துப் பேசுகிறவரல்ல.

"ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குச் சனம் அள்ளுப்படும். நொண்டுற கொண்டக்டர வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற? அதுக்குள்ள கால் சரிவரல்லெண்டா வேற ஆளப் போடுவன். கோவிக்காத."

விஜிதரனுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

விழுந்தவரைத் தூக்கி இருத்தி, பால் விடாத பிளேன்ரீ கொடுத்தவர், பக்கத்தில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முனாப். சில நாள் கழித்து விஜிதரன் அந்தக் கடைக்குப் போனபோது, முனாப் வெள்ளைச் சப்பாத்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"இது சப்பாத்தா மச்சான், மெத்தையா?"

"நோகுதெண்டுதானே போட்டன்."

"மெத்தைல நிண்டு கபடி விளையாடேலுமா? இரிங்க வாறன்."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். கறுப்புத் துணிச் சப்பாத்து. முன்பக்கம் வாத்தின் கால் போல அகலம், குதியில் உயர்வே இல்லை, அடித்தட்டு தோசைத் தடிப்பு. வெறுங்காலோடு நடப்பது போலிருக்கும் என்று இணையத்தில் பார்த்து ஆசையாக எடுத்திருக்கிறார். ஒரு சோடியும் விற்றுப் போகவில்லை.

"இதுக்கா காசு குடுக்கிற? வெறுங்காலோட போனா சும்மாதானே!"

"போங்க. ஒடஞ்ச போத்தல், துருப்பிடிச்ச ஆணி, மத்தியானத் தார் றோட்டு எல்லாம் உங்களத்தான் பாத்துக்கிட்டு இரிக்கி."

விஜிதரன் தன் வெறுங்காலை வெள்ளைச் சப்பாத்தின் மேல் வைத்துப் பார்த்தார். விரல்கள் இரண்டு பக்கமும் வெளியே வழிந்தன.

"இவ்வளவு நாளும் அஞ்சு பேர மூணு பேர்ர சீற்றுல இருத்தி வச்சிருக்கன்," என்றார்.

மெல்ல மெல்லத்தான் பழக வேண்டும், முதலில் கொஞ்ச நேரம் மட்டும் போட வேண்டும் என்று முனாப் சொன்னதற்கு விஜிதரன் சிரித்துவிட்டார். "நான் சித்தாண்டி ஊரான். வயல் வட்டைக்குள்ள வெறுங்காலோட வளந்தவன். எனக்கு வெறுங்கால் பழக்குறீங்களா?"

மறுநாள் முழு வேலையையும் அந்தச் சப்பாத்தோடு செய்தார். அதற்கு மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. வீட்டுப் படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். குதிகால் நோவும் கூடியிருந்தது.

கிளினிக்கில் கால் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் தனுஷா கதையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கினாள்.

"வயல் சேறு உங்கட காலுக்கு அமிஞ்சு குடுக்கும் அண்ணன். தார் குடுக்குமா? பஞ்சுக்குள்ள இத்தன காலம் சும்மா கிடந்த தசையிட்ட ஒரே நாளுல முழு வேலையையும் கேட்டா அது என்ன செய்யும்?"

"அப்ப இதத் தூக்கி எறியவா?"

"ஏன் எறியிற? விரல் விரிஞ்சு நிக்க இடமிருக்கு, நல்லதுதான். ஆனா மருந்தெண்டு நினைக்காதீங்க. நீரிழிவு வருத்தம் இருந்து கால் மரத்தவங்களுக்கு இத நான் சொல்லவும் மாட்டன். உங்களுக்கு அது இல்ல. பயிற்சியச் செய்யுங்க, அவசரப்படாதீங்க."

தரையில் விரித்த துவாயைக் கால்விரலால் சுருட்டி இழுப்பது, படி விளிம்பில் நின்று குதியை மெல்ல ஏற்றி இறக்குவது. இந்த இரண்டையும் விஜிதரன் ஒழுங்காகச் செய்தார். சப்பாத்தையும் தன் வழியில் பழகினார். முதலில் ஏறாவூர் வரை சப்பாத்து, அதன்பின் செருப்பு. அது சரிவந்ததும் மட்டக்களப்பு நகரம் வரை. பிறகு கல்லடிப் பாலம்.

"இண்டைக்கு உன்ட கால் எந்த ஹோல்ட்ல இறங்குது?" என்று சாரதி வல்லிபுரம் தினமும் கேட்பார்.

"காலுக்கு சீசன் டிக்கெற் எடுத்திருக்கன். நீங்க றோட்டப் பாருங்க."

பகிடி ஒருபுறம் இருக்க, ஒன்று உண்மையாகவே மாறிக்கொண்டிருந்தது. பஸ் தரையில் சிந்திக் கிடக்கும் அரிசி காலுக்குத் தெரிந்தது. வல்லிபுரம் பிரேக்கில் கால் வைக்கும் முன்பே, வண்டியின் வேகம் குறைவது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. விரல்கள் தாமாகவே விரிந்து தகரத்தைப் பற்றின. காலை நோவு முதல் அடியோடு நின்றுவிடும் நாட்களும் வந்தன.

ஆரையம்பதி தாண்டியதும் வீதியோரத்தில் ஒரு பிள்ளையார் கோயில். காலை முதல் ஓட்டத்தில் பஸ் அங்கே நிற்கும். நடத்துனர் செருப்பைப் படியில் உதறிவிட்டு ஓடுவார், கற்பூரம் கொளுத்துவார், சாரதிக்கும் பயணிகளுக்கும் திருநீற்றோடு திரும்புவார். சப்பாத்து வாங்கிய அந்த முதல் நாளில் விஜிதரன் நினைவாகக் கழற்றியிருந்தார்; அதன்பின் இந்த இடத்துக்கு வரும்போது செருப்புக்கு மாறியிருப்பார். அமாவாசைக்குச் சற்று முன், மறுபடியும் முழு வழியும் சப்பாத்தோடு போகத் துணிந்த நாளில், பஸ் நின்றது. குதித்தார், ஓடினார். வாசல், மணல் முற்றம், உள்மண்டபம். கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டு நின்றார்.

பூத்தட்டோடு நின்ற ஊர்க்கிழவி சீதேவிப்பிள்ளைதான் முதலில் கண்டாள்.

"ஐயோ புள்ளையாரே! சப்பாத்தோட நிக்கானே! டேய் மனே, காலப் பாருடா!"

விஜிதரன் குனிந்து பார்த்தார். கறுப்பாக, இரண்டு காலிலும்.

அந்தக் கோயிலின் வண்ணக்கர், அதாவது நிர்வாகப் பொறுப்பாளர், பஸ் முதலாளி வினாயகமூர்த்தியேதான். சத்தம் கேட்டு வந்தார்.

"அறிவில்லையாடா உனக்கு?"

"போட்டிருக்கிறது தெரியல்ல முதலாளி."

"சப்பாத்து போட்டிருக்கிறது தெரியல்லயா? விடியக் காலத்தால குடிச்சிட்டா வந்த?"

"சத்தியமா. மணல் குளிர்ந்தது கூடக் காலுக்குத் தெரிஞ்சுது. கழட்டிப்போட்டன் எண்டுதான் நினைச்சன்."

வாசலில் பஸ் சனம் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. விஜிதரன் சப்பாத்தை வெளியே வைத்துவிட்டு, கிணற்றில் அள்ளி அள்ளி, மிதித்த இடமெல்லாம் மஞ்சள் நீர் தெளித்துக் கழுவினார். வேலையும் இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே கழுவினார். வினாயகமூர்த்தி அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசல்ல இருந்து ஓடியா வந்த?" என்றார் திடீரென்று.

"ஓம்."

"இந்தத் தண்ணி வாளியோடயும் ஓடித்தான் திரியிற. நொண்டக் காணல்லயே."

விஜிதரன் வாளியைக் கீழே வைத்தார். அவரே அப்போதுதான் அதைக் கவனித்தார்.

முதலாளி வெளியே போய்ச் சப்பாத்தை எடுத்து வளைத்தார், மடித்தார், உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"இதுக்குள்ள என்னடா இருக்கு?"

"ஒண்டுமில்ல முதலாளி."

"ஒண்டுமில்லாததுக்கா காசு குடுத்த?"

"ஓம்."

வல்லிபுரம் ஹோர்னை விடாமல் அமுக்கினார். பின்னால் வேறொரு பஸ் வந்துவிட்டது.

"போ, போ. சனத்த அவன் ஏத்திப்போடுவான்," என்றார் வினாயகமூர்த்தி. "அமாவாசைக்கு நீயே நில்லு. ஆனா இன்னொருக்கா இதோட உள்ள வந்தா, காலும் இல்ல, வேலையும் இல்ல."

ஆடி அமாவாசையன்று விடிந்ததிலிருந்து பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பின்னேரமானதும் விஜிதரனின் குதிகால் கொஞ்சம் முணுமுணுக்கத்தான் செய்தது. அதற்கு முன், அன்று காலை முதல் ஓட்டத்தில் கோயிலடியில் பஸ் வேகம் குறைந்தபோது, அவர் திருநீற்றுத் தட்டைத் தேடுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு கூட்டமே கத்தியது.

"விஜி, கால்! கால்!"

காத்தான்குடியில் ஏறி முன்சீட்டில் இருந்த ஆமினா உம்மா, அவர் குனிந்து சப்பாத்து இரண்டையும் கழற்றும் வரை விடவில்லை.

"மத்தக் காலையும் காட்டுங்க மகன். ஹா, இப்ப ஓடுங்க."