காற்று நிற்காத சட்டை

குவைத்தில் கடலுக்கடியில் முக்குளிக்கும் வேலையை முடித்து என் ஊரான லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பியபோது, முக்குளிக்கையில் போடும் என் காற்றுச் சட்டையையும் கொண்டுவந்தேன். காற்றடித்தால் நம்மை மேலே தூக்கும், காற்றை விட்டால் கீழே இறக்கும். பல வருடம் உழைத்த சட்டை.

அரியலூர்ப் பக்கம் தண்ணீர் நிறைந்த சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் ஒரு லாரி டிரைவர் மூழ்கிவிட்டார். தேடி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இறங்குமுன் சட்டையில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். தோள்பட்டைத் தையலில் குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சட்டை துவண்டுவிட்டது.

"இதப் போட்டு இறங்குனா நான் மேல வர முடியாதுங்க. வேற சட்டை வரணும்."

டிரைவரின் தம்பி என் கழுத்தைப் பிடித்தான். "உன் அண்ணன் உள்ள கெடந்தா இப்படி நிப்பியாடா?"

கூட்டத்தில் யாரோ என் முகத்தில் மண்ணை வீசினார்கள். எனக்கு வெறி ஏறியது. செத்தாலும் பரவாயில்லை என்று அந்தச் சட்டையையே மாட்டினேன்.

டிரைவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கழட்டுங்க பாய். அவரு போயிட்டாரு. நீங்க வூட்டுக்குப் போவணும்" என்று தானே வாரை அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் வேறு சட்டையோடு இறங்கி உடலை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தம்பியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் புருஷன் தண்ணீருக்கடியில் கிடக்கும்போது என் வீட்டை நினைத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.