விளக்குக்கு வேறு சொல்

"அப்பாவுக்கு வச்சிருக்கிற மெஷினை ஸ்டாப் பண்ணிடலாமாம்மா? இனிமே பலன் இல்லை," என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். அந்த ஸ்டாப் என்ற சொல் என்னை விழிதியூருக்கு, என் மூன்றாம் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்றுதான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயலில் ஓடிய மோட்டாரைப் பார்த்து ஸ்டாப் என்றேன், மாட்டைப் பார்த்துச் சொன்னேன், தூறலைப் பார்த்தும் சொன்னேன். சாயங்காலம் சாமி விளக்கிடமும் ஸ்டாப் சொல்லி ஊதப் போனேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அவர் கையில் சேற்று வாசமும் திருநீற்று வாசமும் கலந்திருந்தன.

"ஏன்டி, உங்க டீச்சருக்கு எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதானா? மோட்டாரை நிறுத்தலாம். மாடு நிக்கும். மழை ஓயும். விளக்கைக் குளிர வைக்கணும்டி."

செம்பருத்திக் காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

"என்னப்பா சொன்னீங்க?"

"இவ்வளவு நேரம் வெளிச்சம் கொடுத்தே, போயிட்டு வா தாயேன்னு சொன்னேன்."

டாக்டர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நிறுத்துங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"குளிர வச்சிடுங்க சார்."

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா எங்கள் ஊர்ப் பக்கம், தலத்தெருக்காரர். அவர் எடுத்துச் சொன்னார்.

நான் அப்பாவின் காதருகே குனிந்தேன்.

"இவ்வளவு நாள் வெளிச்சம் கொடுத்தீங்கப்பா. போயிட்டு வாங்க."