கோப்பி என்று நான் சொன்ன பொய்

"உந்த ஆபிரிக்காக் கதையெல்லாம் படிச்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்? கொம்பியூட்டர் படிச்சாலாவது ஒரு வேலை கிடைக்கும்" என்று எங்கள் கட்டடத்தில் இருந்த அங்கிள் ஒருவர் என்னிடம் கேட்டார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாரிகாலம். இலங்கையிலிருந்து வந்து ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருந்தோம். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வரை போனவள் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. அங்கிளுக்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

ஆபிரிக்காவில் நடந்த போராட்டங்களும், அங்கிருந்து கடல் கடத்தப்பட்டவர்களின் சந்ததியினர் வாழும் நாடுகளில் நடந்த போராட்டங்களும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடித்தன என்பதுதான் பாடம். அதற்கு ஒருவரை நேரில் கண்டு பேட்டி எடுக்க வேண்டும். பாதிப் புள்ளிகள் அதற்குத்தான். தவறினால் அடுத்த வருடம் எனக்கு இடமில்லை. தென்னாபிரிக்காவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்மணியின் தொலைபேசி இலக்கத்தைப் பேராசிரியர் தந்தார். "எல்லோருக்கும் வாய் திறக்கமாட்டார், கவனம்" என்றும் சொன்னார்.

அம்மா என்னைத் தனியே விடவில்லை. கூடவே வந்தார். அந்தப் பெண்மணியின் கட்டடத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் நல்லதாக எதுவும் சொல்வதில்லை. லிஃப்டில் உயரமான இரண்டு கறுப்பின ஆண்கள் ஏறியதும் அம்மா சால்வையால் தாலிக்கொடியை மூடினார். நானும் பையை நெஞ்சோடு அணைத்தேன். ஐந்து மாதமாக அவர்களின் வரலாற்றைப் படித்தவள் நான். அவர்களோ ஹொக்கி விளையாட்டைப் பற்றிப் பேசியபடி எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். என் டேப் ரெக்கோடரை மேசையில் வைத்ததும் மெதுவாகப் பேசத் தொடங்கினார். நிறவெறி அரசை எதிர்த்து, தென்னாபிரிக்க அப்பிளை வாங்காதீர்கள் என்ற பதாகையோடு இங்கே கடைவாசல்களில் பனிக்குள் நின்ற கதை. முதல் சனிக்கிழமை அவர் தனியாகத்தான் நின்றாராம். மூன்றாவது சனிக்கிழமை, ஜமெய்க்காவிலும் ட்ரினிடாட்டிலும் இருந்து வந்த பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். தென்னாபிரிக்காவைக் கண்ணாலும் காணாதவர்கள். "அங்கே அடிபடுகிறவள் என் சித்தப்பாவின் வம்சமாக இருக்கலாம், யார் கண்டது?" என்றாளாம் ஒருத்தி.

அப்போதுதான் அது நடந்தது. ஆங்கிலம் விளங்காமல் நெளிந்துகொண்டிருந்த அம்மா சத்தமாகச் சொன்னார்: "பிள்ளை, கெதியா முடி. இருட்ட முதல் போகவேணும். இந்தக் காப்பிலி என்ன, விடாமல் கதைச்சுக்கொண்டிருக்குது?"

கறுப்பினத்தவர்களை எங்கள் ஆட்கள் சாதாரணமாகச் சொல்லும் சொல் அது. அவர்களுக்கு விளங்காது என்ற துணிவில் பஸ்ஸிலும் கடையிலும் சொல்வோம்.

அவருடைய பேச்சு பாதியில் நின்றது. கை நீண்டு ரெக்கோடரை நிறுத்தியது. அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். "அம்மாவுக்குக் கோப்பி வேண்டுமாம்" என்றேன்.

அவர் எழுந்தார். சமையலறைக்குப் போகும் வழியில் வாசல் கதவின் சங்கிலியைக் கொழுவினார்.

"ஏனடி கதவைப் பூட்டுறா? என்ன சொன்னனி?" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

"சும்மா இருங்கோ அம்மா."

உள்ளே மேசை இலாச்சியை இழுத்துத் திறக்கும் சத்தம். ஏதோ உலோகம் இடித்தது. பதினோராம் மாடி. கத்தினால் யார் வருவார்கள் என்று யோசித்தேன். இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. அன்று உண்மையாகவே பயந்தேன்.

அவர் கொண்டுவந்தது மூன்று கோப்பை கோப்பி. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்தார்: "நான் கோப்பி குடிக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதே?"

பெண்மணி நிமிர்ந்தார். "ஆக, உங்கள் மொழியில் இதற்குக் கோப்பி என்று பெயர். நான் கேட்ட சொல் அது இல்லை."

காப்பிலி என்பது அவர் காதில் 'கஃபிர்' என்று விழுந்திருந்தது. அவருடைய நாட்டில் பொலிஸார் கதவை உதைக்கும்போது சொன்ன சொல். அவருடைய தாயை, வேலை செய்த வீட்டு எஜமானி கூப்பிட்ட சொல். "அது எப்படி உங்கள் தீவுக்குப் போனது?" என்று கேட்டார். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். சொல்லின் கதை எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வா, மிச்சத்தை அப்போது பேசலாம் என்று சொல்லி அவர் சங்கிலியைக் கழற்றினார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "கேத்தில் கொதிக்கும்போது காலடிச் சத்தம் கேட்காது. அதனால் பூட்டுவேன். இத்தனை வருடமாகியும் இந்தப் பயம் போகவில்லை" என்றார்.

பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊரில எல்லாரும் சொல்லுறதுதானே" என்றார். கொஞ்சத் தூரம் போனபின் மெதுவாகக் கேட்டார்: "அங்க ஆமிக்காரர் எங்களைச் சொல்லுற மாதிரியோ?"

"ஓம் அம்மா."



அந்த வாரம் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், அந்தப் பெண்மணி பேராசிரியரிடம் சொல்லிவிட்டாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். நூலகத்தில் தேடினேன். அரபு வணிகர்களின் வாயிலிருந்து போர்த்துக்கேயர் எடுத்த சொல். ஆபிரிக்கர்களைப் படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சொல்லும் கூடவே இறங்கியிருக்கிறது. அந்த மக்களின் சந்ததியினர் இன்றும் அதே பெயரால் அழைக்கப்பட்டுப் புத்தளம் பக்கம் வாழ்கிறார்கள். ரொறன்ரோவில் ஆபிரிக்காவைத் தேடிப் படித்தவளுக்குத் தன் நாட்டிலிருந்த ஆபிரிக்கா தெரியவில்லை.

திரும்பிப் போய் அவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர், தானே ரெக்கோடரை அழுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

மேற்படிப்புக்குப் புத்தளத்து ஆபிரிக்க வம்சாவளியினரைப் பற்றி எழுதுவதாக இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். அங்குள்ள ஆசிரியர் ஒருவருக்குக் கடிதம் போட்டு இரண்டு வாரமாகிறது. உங்களை எந்தப் பெயரால் எழுதினால் உங்களுக்கு நோகாது என்பதுதான் அதில் என் முதல் கேள்வி. அதற்குப் பதில் வருமுன் அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுத எனக்குத் துணிவில்லை.